வெள்ளானூரில் ஒரு பச்சைக் கோடு

மே மாதம் நான்காம் தேதியிட்ட கடிதம் ஒன்று எனக்கு ஏழாம் தேதி வந்து சேர்ந்தது. கோடு போட்ட தாளில் நீல மையால் எழுதியது. “ஐயா, நீங்கள் பத்திரிகையில் போட்ட வானத்துப் படத்தில் எங்கள் தெரு தெரிகிறது. வாய்க்கால் மேல் வீடு கட்டியிருப்பதாக ஆறு வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அளக்க வருகிறார்கள். வாய்க்கால், பக்கத்து மனைப்பிரிவுக்குள்தான் போகிறது. உங்கள் படத்திலேயே இருக்கிறது. பெரிய படமாக எடுத்து வந்து எழுதித் தர வேண்டும். தனலட்சுமி, வெள்ளானூர்.”

பத்திரிகை என்று அவர் சொன்னது நாங்கள் சிலர் நடத்தும் எட்டுப் பக்க இதழ். அதில் நான் எழுதுவது பழைய கழனிகளைப் பற்றி. கோடையில் புல் காயும்போது செயற்கைக்கோள் படங்களை மாதவாரியாக எடுத்துப் பார்த்தால், மண்ணுக்குள் மறைந்துபோன வயல்கள் மேலே தெரியும். தூர்ந்துபோன வாய்க்காலில் வண்டல் ஆழமாக இருக்கும். ஈரம் தங்கும். அதன் மேல் முளைத்த புல் மற்றதைவிடச் சில வாரங்கள் அதிகம் பச்சையாக நிற்கும். மிதித்து இறுகிய வரப்பின் மேல் வேர் இறங்காது. அங்கே புல் முதலில் வெளுக்கும். மழை பெய்துவிட்டால் எல்லாம் ஒரே பச்சை. வெள்ளானூருக்கு அருகே ஆவடியைச் சுற்றி ராணுவ வளாகங்கள் இருப்பதால் ட்ரோன் விடவும் வழியில்லை. கிடைக்கிற படத்தைத்தான் நம்ப வேண்டும்.

வெள்ளானூர்ப் படத்தில் சிறு சிறு நீள்சதுரக் கழனிகள் தெரிந்தன. இன்றைய அளவை வரைபடத்தின் எல்லைகள் ஒரு திசையில் போக, இவை அவற்றுக்குக் குறுக்காகச் சாய்ந்து, ஏரியின் பழைய மதகை நோக்கிப் போயின. ஆகவே அளவைக்கு முந்தியவை என்று எழுதியிருந்தேன். எவ்வளவு முந்தியவை என்பது படத்திலிருந்து தெரியாது.

புதன்கிழமை காலை ஏழரைக்கு வில்லிவாக்கத்தில் ஆவடி ரயில் ஏறினேன். கட்டணம் ஐந்து ரூபாய். கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர் என்று ஆலைக்குப் போகிறவர்கள் இறங்கிக்கொண்டே வர, அண்ணனூரில் பெட்டி பாதி காலி. ஆவடியிலிருந்து ஷேர் ஆட்டோவுக்கு முப்பது ரூபாய். ஓட்டுநர் கணக்கில் ஏழு கிலோமீட்டர். சாலையின் இரு பக்கமும் மனை விற்பனைக் கொடிகள். கொடிகளுக்குப் பின்னால் செம்மண் கொட்டிய வெற்று நிலம். நான் சுருட்டி வைத்திருந்த படத்தை ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

“மனை பாக்க வந்தியா சார், இல்ல அளக்க வந்தியா?”

இரண்டும் இல்லை என்றேன்.

“அப்போ பேப்பர உள்ள வெச்சுக்கோ. அந்தத் தெருவுல பேப்பர் எடுத்துகினு வந்தவன் எவனும் நல்ல சேதி சொன்னதில்ல.”

அவர் சொன்னது போலத்தான் ஆயிற்று. என்னைக் கண்டதும் குழாயடியில் நின்ற இரண்டு பெண்கள் குடத்தைப் பாதியில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். மொத்தம் பதினோரு வீடுகள். ஹாலோபிளாக் சுவர், சிமென்ட் ஷீட் கூரை, ஒன்றிரண்டில் மட்டும் தளம். நோட்டீஸ் ஒட்டிய கதவுகளில் பசை காய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது.

தனலட்சுமிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி நிறுவனம் ஒன்றில் சரிபார்க்கும் வேலை. அன்று விடுப்பு போட்டிருந்தார். கணவர் இறந்தபோது கிடைத்த தொகையில் இந்த மனையை வாங்கியதாகவும், பத்திரத்தில் வாய்க்கால் என்ற சொல்லே இல்லை என்றும் சொன்னார். அடுத்த வீட்டு சாதிக் பாயும் வந்து உட்கார்ந்தார். பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருந்தவர், வாடகை கட்டாமல் சொந்த வீடு வேண்டும் என்று இங்கே வந்தவர். அவர் வீட்டிலும் நோட்டீஸ்.

படத்தைத் தரையில் விரித்ததும் சாதிக் பாய் விரலை வைத்தார். மதில் போட்ட மனைப்பிரிவுக்குள் வெளுத்து ஓடிய ஒரு கோடு.

“இதோ கீது பாரு அண்ணாத்தே. இதான் வாய்க்கா. செத்துப்போன வாய்க்கா காஞ்சிதானே கெடக்கும்? காசு கீறவன் மதில் போட்டு மறைச்சுட்டான். நோட்டீஸ் எங்களுக்கு.”

தெருவில் எல்லோரும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். கைப்பேசியில் அந்தப் படத்தை ஒருவருக்கொருவர் அனுப்பி, வெளுத்த கோட்டின் மேல் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று எழுந்தேன்.

மனைப்பிரிவுக்குள் போக முடியவில்லை. மதிலின் உடைந்த பகுதி வழியாகப் பார்த்தேன். வெளுத்த கோடு ஓர் அடி உயர்ந்த மேடு. வரப்பு. பிறகு தனலட்சுமி வீட்டுக் கொல்லைக்குப் போனோம். மே மாத வெயிலில் தெருவில் எருக்குகூட வாடி நின்றது. அந்தக் கொல்லையில் மட்டும் எட்டு வாழைகள் வரிசையாக, இலை கிழியாமல் நின்றன. அவர் முகத்தில் அன்று முதல்முறையாகக் கொஞ்சம் பெருமை வந்தது.

“நான் தண்ணியே ஊத்துறது கெடையாது சார். அதுவா வளந்துகினு கீது. மண்ணு அந்த மாதிரி.”

அந்த வரிசையின் திசையைப் படத்தோடு ஒப்பிட்டேன். வாழை, அடுத்த வீட்டுக் கொல்லையின் அறுகம்புல், அதற்கப்பால் காலி இடத்தின் கோரை. எல்லாம் ஒரே சாய்வில் மதகை நோக்கிப் போயின. மழைக்காலத்தில் தண்ணீர் எந்த வீட்டுக்குள் முதலில் வரும் என்று கேட்டேன். எங்கள் வீட்டுக்குத்தான், பின்பக்கத்திலிருந்து வரும் என்றார். சொல்லி முடிப்பதற்குள் குரல் இறங்கிவிட்டது.

மறைக்க வழியில்லை. பச்சைதான் தூர்ந்த வாய்க்கால், வெளுப்பு வரப்பு, நீங்கள் தலைகீழாகப் படித்திருக்கிறீர்கள் என்று சொன்னேன். தனலட்சுமி வாழையைப் பார்த்தபடி நின்றார்.

“அப்போ என் மரமே என்னைக் காட்டிக் குடுத்துச்சா?”

சாதிக் பாய் என் பக்கம் திரும்பினார். “உன் ஊடு எங்க?”

வில்லிவாக்கம் என்றேன்.

“அது எதும்மேல கட்டினதுன்னு பாத்தியா?”

பார்த்திருக்கிறேன். எங்கள் அடுக்ககத்தைச் சுற்றி மதில்வரை சிமென்ட். புல் முளைக்க இடமில்லை, ஆகவே குறியும் இல்லை. என் முறை மண் தெரிகிற இடத்தில்தான் பேசும். அவரிடம் இதைச் சொன்னேன். “நல்ல முறை” என்றார்.

ஒரு வழி மட்டும் மிச்சம் இருந்தது. ஏரியிலிருந்து ஊருக்கே தண்ணீர் கொண்டுபோன பொது வாய்க்கால் என்றால் அது அரசு நிலம். ஒருவர் தம் பட்டா நிலத்துக்குள் நீர் பாய்ச்ச வெட்டிக்கொண்ட கழனிக்கால் என்றால் தனியார் நிலம், மனையும் செல்லும். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பச்சை. குறுக்கே தோண்டினால் தெரியும். கழனிக்கால் ஒரு காலடி எட்டி வைத்துத் தாண்டும் அகலம்தான் இருக்கும். பொது வாய்க்கால் மூன்று நான்கு மடங்கு அகன்று, அடியில் வண்டல் அடுக்கடுக்காக இருக்கும். தோண்டக்கூடிய இடம் வாழை நிற்கும் இடம் ஒன்றுதான்.

சாதிக் பாய் கடப்பாரை எடுத்து வரப் போனார். தனலட்சுமி தடுத்துவிட்டார்.

“வேணாம் பாய். தோண்டினா தெரிஞ்சிடும்.”

“தெரியத்தானே தோண்டறது?”

“அகலமா கீதுன்னா? அப்புறம் நான் இன்னாத்த சொல்லி நிக்கிறது? இப்போ தெரியாதுன்னாவது சொல்லலாம்.”

பாய் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். நானும் வற்புறுத்தவில்லை. வீடு அவருடையது.

பகல் பன்னிரண்டு மணிக்கு, அவருடைய மேசைமேல் நான் எழுதிக் கொடுத்தது இது: படத்தில் ஈரக் கோடு ஒன்று இவ்வீடுகளின் அடியில் செல்கிறது. அது பொது வாய்க்காலா தனிக் கழனிக்காலா என்பதைத் தோண்டிப் பார்க்காமல் சொல்ல இயலாது. தோண்டிப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டுகிறேன். கையெழுத்தும் தேதியும் இட்டேன். தனலட்சுமி இரண்டு முறை படித்தார். டீ வாங்கி வரச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை அளக்க வந்தவர்கள் அந்தத் தாளை வாங்கிக் கோப்பில் வைத்ததாகத் தொலைபேசியில் சொன்னார். சுவர்களில் சிவப்பு எண் போட்டுப் போனார்களாம்.

ஜூன் இருபதாம் தேதி மறுபடியும் போனேன். முதல் மழை பெய்து நிலமெல்லாம் ஒரே பச்சை. பழைய கழனிகளில் ஒரு கோடுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆறு வீடுகளும் இல்லை. அவை இருந்த இடத்தில், நான் படத்தில் பார்த்த அதே சாய்வில், இயந்திரம் புதிதாக ஒரு கால்வாய் வெட்டியிருந்தது. தோண்டிய பக்கங்களைப் பார்த்தால் வண்டலின் அகலம் தெரியும் என்று இறங்கினேன். இரு பக்கமும் அடியும் கான்கிரீட் போட்டு முடித்துவிட்டார்கள். எடுத்த மண் லாரியில் போய்விட்டதாக அங்கே மேல்மூடிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தவர் சொன்னார். மனைப்பிரிவின் மதிலுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது.

தனலட்சுமி இப்போது அண்ணனூரில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறார். சாதிக் பாய் பூந்தமல்லிக்கே, மைத்துனர் வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பும் வழியில் ரயில் அண்ணனூரில் நின்றபோது தனலட்சுமிக்குப் போன் செய்தேன். துணி நிறுவனத்தின் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே பேசினார். நான் எங்கே போய் வருகிறேன் என்று சொன்னேன்.

“தோண்டிட்டானுங்க இல்ல? அகலமா இருந்துச்சா சார்?”

பார்க்க முடியவில்லை என்றேன்.

வெள்ளானூரில் அந்த ஆறு வீடுகளின் அடியில் இருந்தது ஊருக்குப் பொதுவான வாய்க்காலா, எவரோ ஒருவருடைய கழனிக்காலா என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படாத செய்தி. இனிச் சரிபார்க்கவும் முடியாது.