கறைக்காரர் கடை வாசனை

சட்டைக் காலரை மூக்கருகே கொண்டுபோய் ஓர் இழுப்பு இழுக்கிறார். "இது மையில்ல, கிரீஸு" என்கிறார். டப்பாவைத் திறந்து, கறை நீக்கும் திரவத்தில் துணியை நனைத்து, கறையை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுகிறார். தேய்ப்பதில்லை. "தேச்சா கறை கோவிச்சுக்கிட்டு உள்ள போயிடும்."

அந்த டிரை கிளீனிங் கடையில் அவருக்குக் கறைக்காரர் என்றுதான் பெயர். கல்லாவில் இருக்கும் மனைவிகூட, "ஏங்க கறைக்காரரே, ஆளு நிக்கிறாங்க" என்றுதான் கூப்பிடுவாள். வெள்ளைத் துணியில் தூசி படுமென்று ஜன்னலை எப்போதோ ஆணியடித்து மூடியாயிற்று. உள்ளே எந்நேரமும் திரவத்தின் இனிப்பு வாசனை. அதை நெஞ்சு நிறைய இழுத்தால் பழைய நாட்கள் வந்துவிடும்: துணிக் குவியல்மேல் சுருண்டு தூங்கும் மகள், "என்ன சென்ட்டுடி போடறேன்னு கேக்கறாங்கப்பா" என்று பள்ளிவிட்டு வந்து அவள் பெருமையடித்த சாயங்காலம். திரவம் பட்ட ஈரக் கையாலேயே அவள் கன்னத்தைத் தட்டுவார். இன்றுவரை அதே வழக்கம்.

மகள் இப்போது நர்ஸ், நிறைமாதம் நெருங்குகிறது. போன வாரம் டப்பாவில் புதிதாக ஒட்டியிருந்த சீட்டைப் படித்துக் காட்டினாள்: புற்றுநோயை உண்டாக்கக்கூடியது.

"அப்ப எனக்கு வந்துடும்ங்கிறியா?"

"வந்தே தீரும்னு இல்லப்பா. வரவைக்கிற குணம் இதுக்கு இருக்குன்னு அர்த்தம். எவ்வளவு உள்ள போகுது, எத்தனை வருஷமா போகுதுங்கிறதப் பொறுத்தது."

"எனக்கென்ன, வாழ்ந்து முடிச்ச கட்டை" என்று சிரித்தவர், துணிக் குவியலைப் பார்த்ததும் நிறுத்தினார். "நீ இதுக்குள்ளயேதானடி வளந்தே?"

"நான் நல்லாத்தானே இருக்கேன். நீ மொதல்ல கிளவுஸ் போடு, ஜன்னலத் திற."

"கையில சோப்பே படாத மனுஷன், கிளவுஸ் போடப் போறாராக்கும்" என்றாள் மனைவி.

இன்று ஜன்னலில் ஆணிகள் இல்லை, துளைகள்தான் இருக்கின்றன. வெள்ளைத் துணிகள்மேல் பழைய விரிப்பு ஒன்று கிடக்கிறது. மகள் தெருமுனையில் தெரிந்ததும் கறைக்காரர் கிளவுஸைக் கழற்றி, சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். நாற்காலியைத் தூக்கிப்போய் வாசலுக்கு வெளியே, காற்று வரும் பக்கமாகப் போட்டார். அவள் உட்கார்ந்து, வழக்கம்போலக் கன்னத்தைக் காட்டினாள்.

அவர் தன் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் ஓர் இழுப்பு இழுத்தார். பிறகு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.