வேண்டாவுக்குச் சாட்சி சொன்ன எலிகள்

படிப்பதற்குச் சம்பளமா! செங்கல்பட்டுக் கடைத்தெருவில் குடை ரிப்பேர் செய்யும் ஹயாத் பாஷாவுக்கு அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்துக் காட்ட வேண்டியிருந்தது. எழுபத்து நாலாம் வருஷம் அது. எம்.எஸ்ஸி. முடித்த அவருடைய மகள் ஷஹர்பானுவுக்கு, தொழுநோய்க் கிருமியை ஆராய்ச்சி செய்ய உதவித்தொகை வந்திருந்தது. ஒரு வருஷத்துக்கு மாசாமாசம் வரும். உருப்படியாக எதையாவது செய்து காட்டினால் மேலும் இரண்டு வருஷம் வரும்.

"படிக்கிறதுக்கு நாமதானே டப்பு கட்டணும்? இன்னாம்மா இது, கவர்மெண்டு உனக்குக் கட்டுதா?" என்றார்.

"ஆமா அத்தா. எலிகூட அவங்களே குடுப்பாங்க."

"எலியா! அதுக்கு ஏன் டெல்லிக்கு எழுதினே? நம்ம வூட்லயே கீதே!"

மாமல்லபுரம் சாலையில், சவுக்குத் தோப்புக்குள் இருந்த ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரிதான் அவளுக்கு வாய்த்த இடம். டாக்டர் சாலமோன் அவளுக்கு வழிகாட்டி. தங்கமான மனுஷர், ஆனால் நோயாளியின் வாயை நம்பமாட்டார், சீட்டைத்தான் நம்புவார். வேண்டா என்பவளின் சீட்டில், 'மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை' என்று எவனோ எழுதித் தொலைத்திருந்தான்.

வேண்டா செய்யூர் பக்கம் வேர்க்கடலை பிடுங்கக் கூலிக்குப் போனவள். நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்த பெயர் அது. பதினொரு வருஷமாக அந்த ஆஸ்பத்திரியின் வெள்ளை மாத்திரைதான் அவளுக்கு மருந்து. ஆறிய உடம்பில் மறுபடி தடிப்புகள் கிளம்பி, சுண்டுவிரல் மடங்க ஆரம்பித்திருந்தது. டாக்டரின் அலமாரியில் புதிதாக வந்த சிவப்புக் குளிகை கொஞ்சம் இருந்தது. வெள்ளை மாத்திரை கேட்காதவர்களுக்கு மட்டுமே அதைக் கொடுப்பார்.

"விழுங்கினால் ஏன் தடிப்பு வருகிறது? துப்பிவிட்டு வந்து நிற்கிறாள்" என்றார் டாக்டர்.

"சத்தியமா முழுங்கறேன்மா" என்று வேண்டா ஷஹர்பானுவிடம் வந்து அழுதாள்.

ஷஹர்பானுவும் லேசுப்பட்டவள் இல்லை. வேண்டா குளிக்கப் போன நேரம் பார்த்து, ஒளித்த மாத்திரை இருக்கிறதா என்று வார்டில் அவள் தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். அங்கே ஒரு சீப்பும் காய்ந்த வெற்றிலையும்தான் இருந்தன. தேடியதற்காகக் கூசிப்போனாளே தவிர, நம்பிவிட்டாள் என்று சொல்ல முடியாது.

அதையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டாள். அந்தக் கிருமி கண்ணாடிக் குழாயில் வளராது, எலியின் பாதத்தில் வளரும். வேண்டாவின் காது மடலில் மிளகளவு தோல் எடுத்து, அரைத்து, அறுபது வெள்ளை எலிகளின் பின்னங்கால் பாதத்தில் ஊசியால் ஏற்றினாள். முப்பது எலிகளுக்கு வெறும் தீனி. மற்ற முப்பதுக்கு அதே வெள்ளை மாத்திரையைப் பொடித்துக் கலந்த தீனி. மாத்திரை தின்ற எலிகளிடம் கிருமி வளராவிட்டால் வேண்டா சொல்வது பொய். வளர்ந்தால் அவள் சொன்னது நிஜம்.

"வளராது, பார்" என்றார் டாக்டர்.

"எலிக்கே குடுத்துப் பாரும்மா. அதுங்களாவது துப்பாது" என்றாள் வேண்டா.

மற்றக் கிருமிகள் அரை மணிக்குள் ஒன்று இரண்டாகிவிடும். இந்தக் கிருமி ஒன்று இரண்டாகப் பன்னிரண்டு நாள்! அடேயப்பா, இத்தனை சோம்பேறியா ஊர் ஊராக மனுஷர் விரல்களைத் தின்றது? கூண்டுகளின் முன்னால் நிற்கும்போதெல்லாம் ஷஹர்பானுவுக்கு மயிர்க்கூச்செறியும். கண்ணுக்குத் தெரியாத ஒன்று அந்தக் குட்டிப் பாதங்களுக்குள் நாள் எண்ணிக்கொண்டிருந்தது. அதை அவசரப்படுத்த யாராலும் முடியாது.

பாதம் சூடானால் கிருமி வளராது. கரண்ட் போனபோதெல்லாம் ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தார்கள். தண்ணீர் சுமந்தது வேண்டா. மரத்த கையிலிருந்து குடம் நழுவும், மறுபடி போய் நிரப்பிவருவாள்.

ஏழாம் மாசம், உதவித்தொகையை நீட்டிப்பதா என்று பார்க்க மெட்ராஸிலிருந்து மூன்று பேர் வருவதாகக் கடிதம் வந்தது. "இப்போதே பாதத்தை அறுத்து எண்ணிவிடு. காட்ட ஏதாவது வேண்டாமா?" என்றார் டாக்டர். ஒரு எலியின் பாதத்தை ஒரு தடவைதான் அறுக்க முடியும். அவசரப்பட்டு அறுத்தால் எதிலும் ஒன்றும் தெரியாது, வேண்டா காலத்துக்கும் பொய்க்காரிதான். ஷஹர்பானு அறுக்கவில்லை. வெறுங்கையோடு போய் நின்றாள்.

"இத்தனை மாசமாய் என்னம்மா செய்தாய்?"

"எலி வளர்த்தேன் சார்."

இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்காத கிழவர் எழுந்து போய்க் கூண்டுகளைப் பார்த்தார், தட்டியைத் தொட்டுப் பார்த்தார். "அவசரப்படாதே" என்று சொல்லி இரண்டு மாசம் தவணை வாங்கிக்கொடுத்தார். அவர் காலில் விழலாம் போலிருந்தது அவளுக்கு.

ஒன்பதாம் மாசம் அறுத்தாள். வெறும் தீனி தின்ற எலிகளிடம், மைக்ராஸ்கோப்பின் நீலத் தரையில் சிவப்புச் சிவப்பாகக் குச்சி போன்ற கிருமிகள். எதிர்பார்த்ததுதான். அடுத்து மாத்திரை தின்ற எலி. கண்ணை வைத்தாள். அங்கேயும் சிவப்பு! மாத்திரைக்கு நடுவிலேயே குடித்தனம் நடத்திப் பெருகியிருந்தன. வேறு எலி, வேறு ஸ்லைடு. அதிலும் சிவப்பு. யா அல்லாஹ், இவ்வளவு பெரிய நிஜத்தை இத்தனூண்டு பாதத்திலா வைத்திருந்தாய் என்று வாய்விட்டே சொன்னாள்.

டாக்டர் சாலமோன் வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அலமாரிச் சாவியைத் தேடினார்.

ஷஹர்பானு சிவப்புக் குளிகையோடு ஓடினாள். வேண்டா கிணற்றடியில் குடத்தை விளக்கிக்கொண்டிருந்தாள். "அக்கா, நீ சொன்னது நெசம்க்கா! மாத்திரைதான் வேலை செய்யலே. எலிங்க காட்டிக் குடுத்துடுச்சுக்கா!"

வேண்டா குளிகையை வாங்கக் கையை நீட்டினாள். சுண்டுவிரலோடு மோதிரவிரலும் மடங்கியிருந்தது.

"ஒம்போது மாசமா எலியையே கேட்டுக்கினு கெடந்தியே பானும்மா" என்றாள், கோபமே இல்லாமல். "நான் இங்கியேதானே இருந்தேன்?"