படகுப் பாய்க்குக் கஞ்சி போட்டவர்

வீரபாகு இறந்து மூன்று மாதம் ஆகிறது. வெண்ணந்தூரில் அவர் பேச்சு வந்தால், "பாவம், வெள்ளைக்காரனுக்குப் படகுப் பாய் நெய்ஞ்சு குடுத்து மண்டை கொழம்பிப் போன ஆளு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் மண்டை கடைசிவரை தெளிவாகத்தான் இருந்தது. நான் இந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் தண்டாயுதபாணி. பள்ளிக்கூடத்து மூலையில் மேஜை போட்டு, தபாலாபீசையும் நான்தான் பார்க்கிறேன். வருகிற கடிதங்களைப் படித்துச் சொல்வதும் பதில் எழுதுவதும் என் தலையில் விழுந்த வேலை.

வீரபாகு குழித்தறியில் தடித்த போர்வையும் ஜமக்காளமும் நெய்கிறவர். தன் துணியைப் பற்றி அவருக்கு நிறையவே கர்வம் உண்டு. அடுத்தவர் நெய்ததைக் கையில் எடுத்தால் வாய்க்கு நேரே பிடித்து ஊதிப் பார்ப்பார். மறுபக்கம் காற்று வந்துவிட்டால், "ஏனுங்க, கொசுவலைங்களா இது?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார். சேலத்திலிருந்து விருத்தாசலம் வழியாகக் கடலூருக்கு ரயில் விட்ட பிறகு, வருடத்துக்கு இரண்டு முறை மூட்டை கட்டிக்கொண்டு அங்கே ஒரு துணிக்கடைக்குப் போய்வந்தார். அந்தக் கடையின் பின்வாசலில் நின்றால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அவர் பார்த்த கடல்.

1934ஆம் வருடம் மார்கழியில் அவர் போனபோது துறைமுகத்தில் கூட்டம் கூடியிருந்தது. ஒரு வெள்ளைக்காரர், தன்னந்தனியாக, சின்னப் படகில் ரங்கூனிலிருந்து வந்து இறங்கியிருந்தார். கொழும்பு, ஆப்பிரிக்கா என்று சுற்றிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போகிறாராம். வழியில் அடித்த புயலில் பாய் கிழிந்து கந்தலாகிவிட்டது. சென்னைக்கு எழுதிய பாய்த்துணி வந்தபாடில்லை. பங்குனிக்குள் கிளம்பாவிட்டால் காற்று திரும்பிவிடும் என்று மனிதர் தவித்துக்கொண்டிருந்தார்.

கடைக் குமாஸ்தா சின்னராஜுக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரியும். அவர் வழியாக வீரபாகு முதலில் கேட்டது, "பேச்சுத் தொணைக்கு ஒரு ஆளு வேண்டாமுங்களா?" என்பதுதான். துரை சிரித்துவிட்டு, வீரபாகுவின் மூட்டையிலிருந்த போர்வையை விரலால் நெருடிப் பார்த்தார். இதைவிடத் தடிப்பாக, காற்றே புகாமல், அறுபது கஜம் நெய்ய முடியுமா என்று கேட்டார்.

"காத்து என்னங்க காத்து, தண்ணியே நிக்கும்னு தொரைகிட்டச் சொல்லுங்க" என்றார் வீரபாகு.

அந்தத் துணி நெய்யப்பட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். நூலை இரட்டையாக முறுக்கி, விடியற்காலையில் நெடுக்கு நூலான பாவைத் தெருநீளத்துக்கு நீட்டி, கஞ்சி தேய்த்தார்கள். கஞ்சி இல்லாமல் பாவு தறியில் நிற்காது. எல்லாத் துணிக்கும் அது உண்டு. ஆனால் ஒரு தடவை தேய்க்கிற இடத்தில் வீரபாகு மூன்று தடவை தேய்த்தார். நெய்து முடித்த பிறகு துணியின் இரண்டு பக்கமும் மறுபடி அரிசிக் கஞ்சி பூசி, தை வெயிலில் காயவைத்து, மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்கினார். "ஏன் வீரபாகு, துணி நெய்கிறீரா, கதவு செய்கிறீரா?" என்று நான் கேலி செய்தேன். அவருக்கு ஒரே பெருமை.

துணியைக் கடலூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். துரை அதை வாயில் வைத்து ஊதினார், மறுபக்கம் உள்ளங்கையைப் பிடித்திருந்த சின்னராஜ் ஒன்றும் வரவில்லை என்று தலையாட்டினார். துரை வீரபாகுவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். தானே உட்கார்ந்து ஒரு வாரத்தில் பாயைத் தைத்து முடித்தார். தை கடைசியில் புறப்பட்டபோது, நான் எழுதிக் கொடுத்திருந்த விலாசச் சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, கொழும்பு போனதும் கடிதம் போடுகிறேன் என்றார்.

அதன்பின் தினமும் தபால் பை வரும் நேரத்துக்கு வீரபாகு என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்க ஆரம்பித்தார். "சம்பந்தி வீட்டிலிருந்து கடுதாசி வந்ததா?" என்று தெருவே அவரைக் கிண்டல் செய்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

மாசி கடைசியில் ஒருநாள் அவர் மனைவி கமலவேணி வடகம் பிழிய உட்கார்ந்தார். விரிப்பதற்கு, பாய்க்குப் போக மிஞ்சியிருந்த இரண்டு கஜத் துணியை எடுத்து ஊறவைத்து, அடித்துத் துவைத்து, கொடியில் போட்டார். சாப்பிட வந்த வீரபாகு கொடியைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். துணியின் வழியாக வெயில் தெரிந்தது. பக்கத்தில் போய் ஊதினார். அந்தப் பக்கம் நின்ற கமலவேணியின் நெற்றி முடி அசைந்தது.

"ஏனுங்க, உங்களுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்று அந்த அம்மாள் பயந்துபோய்க் கேட்டார்.

நனைந்தால் கஞ்சி போய்விடும் என்பது வெண்ணந்தூரில் நடைபழகும் குழந்தைக்கும் தெரியும். பாய் நனையும் என்பதுதான் வீரபாகுவுக்குத் தெரியவில்லை. அவர் பார்த்த பாய்கள் எல்லாம் கரையோரத்துப் படகுகளில், வெயிலில், உயரத்தில், காய்ந்து நின்றவை. அலை அவ்வளவு உயரம் வரும் என்று பின்வாசலில் நின்று பார்த்தவருக்கு எப்படித் தெரியும்? துரைக்கும் இது கஞ்சியின் இறுக்கம் என்று தெரியாது. நெசவின் இறுக்கம் என்று நம்பிவிட்டார்.

வீரபாகு சோறு தின்னாமல் என்னிடம் ஓடிவந்தார். "அவரு நடுக்கடல்ல இருப்பாருங்க வாத்தியாரே. எப்படியாச்சும் சொல்லோணுமுங்க." இருவரும் இராசிபுரம் போய்க் கொழும்புத் துறைமுகத்துக்குத் தந்தி அடித்தோம். பாயில் கஞ்சி இருக்கிறது, ஈரத்துக்குத் தாங்காது, மாற்றச் சொல்லுங்கள் என்று. மூன்றாம் நாள் பதில் வந்தது: அப்படி ஒரு படகு இங்கே வரவில்லை. புறப்பட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பத்துப் பன்னிரண்டு நாளில் போய்ச் சேரவேண்டிய தூரம் என்று சின்னராஜ் எழுதினார்.

நான் ஆறுதல் என்ற பெயரில் வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். வேறு துறைமுகத்துக்குப் போயிருப்பார், கப்பல் ஏதாவது ஏற்றிக்கொண்டிருக்கும் என்றேன். வீரபாகு எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்றார். ஆனாலும் தபால் நேரத்துக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. கஞ்சி தேய்க்கும் நாளில் மட்டும் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்வார். கமலவேணியும் பக்கத்துத் தறிக்காரர்களும் தேய்த்து முடிப்பார்கள். அடுத்தவர் துணியை ஊதிப் பார்ப்பதும் நின்றுபோனது. அவரிடம் திட்டு வாங்கியவர்களுக்கே அது என்னவோபோல இருந்தது.

இரண்டு வருடம் கழித்துச் சீமைத் தபால்தலை ஒட்டிய கடிதம் வந்தது. எழுதியது துரையின் அக்காள். தம்பி கடலூரிலிருந்து போட்ட கடிதம்தான் கடைசி. அதில் வெண்ணந்தூர் நெசவாளி ஒருவர் தனக்கு அருமையான பாய் நெய்து கொடுத்ததாக எழுதி, விலாசமும் எழுதியிருந்தானாம். அதற்குப்பிறகு தகவலே இல்லை. அவன் எந்த வழியாகப் போகிறான் என்று உங்களிடம் ஏதாவது சொன்னானா, போகும்போது எப்படி இருந்தான், எதுவானாலும் எழுதுங்கள் என்று அந்த அம்மாள் கெஞ்சியிருந்தார்.

படித்துச் சொன்னேன். வீரபாகு கடிதத்தை வாங்கி, மடித்து மேஜைமேல் வைத்தார். பிறகு, "எழுதுங்க வாத்தியாரே" என்றார். "பாய் நெய்ஞ்சது நாந்தானுங்க. காத்துப் புகாதுன்னு கஞ்சிய அப்பிப்போட்டேன். நனைஞ்சா நிக்காதுன்னு அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. உங்க தம்பி வராததுக்கு நாந்தேன் காரணம். இதைய அப்படியே எழுதுங்க."

நான் அப்படி எழுதவில்லை. எழுதி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். இந்த மனிதர் இல்லாத பாவத்தை இழுத்துப் போட்டுக்கொள்கிறார், அந்த அம்மாளுக்கும் வேதனை என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். உங்கள் தம்பி நல்ல உடம்போடு, நல்ல காற்றில், சிரித்துக்கொண்டே புறப்பட்டார், பாய் மிகவும் உறுதியானது என்று இங்கிலீஷில் எழுதினேன். அதன் அடியில் வீரபாகு தமிழில் தன் பெயரைப் போட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது அவர் முகம் கொஞ்சம் லேசாக இருந்தது. நல்ல காரியம் செய்தோம் என்று எனக்குத் திருப்தி.

நாலு மாதத்தில் அந்த அம்மாளின் பதில் வந்தது. வீரபாகு எதிரே நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையையும் தொங்கவிட்டு, தலையைக் குனிந்து, அடி வாங்கத் தயாராக நின்றார். நான் உறையைப் பிரித்து, முன்கூட்டிப் பார்க்காமல், வழக்கம்போல வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். "உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு வருடமாக நான் தூங்கவில்லை. ஏதோ கந்தல் பாயோடு அவன் கிளம்பியிருப்பான் என்று நினைத்து நினைத்து அழுதேன். உறுதியான பாயோடுதான் போனான் என்று நீங்களே எழுதியபின் தூங்குகிறேன்." அந்த வரியோடு கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

வீரபாகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"நாஞ் சொன்னதை எழுதலீங்களா?"

"இல்லை" என்றேன்.

"அந்தம்மா நாலு வார்த்தை திட்டி எழுதுவாங்க, வாங்கிக்கிட்டுப் போயிரலாம்னு இருந்தேனுங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் காலில் விழாத குறையாக, "தப்புப் பண்ணிவிட்டேன் வீரபாகு. இப்போதே எழுதுகிறேன். நீர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதுகிறேன்" என்று காகிதத்தை இழுத்தேன்.

அவர் மேஜைமேல் கையை வைத்துக் காகிதத்தை மறைத்தார்.

"வேண்டாமுங்க. இப்பத்தான் தூங்கறேன்னு சொல்றாங்க. எழுப்பாதீங்க."

அப்புறம் ஒன்பது வருடம் உயிரோடு இருந்தார். தபால் நேரத்துக்கு அவர் வரவேயில்லை.