கம்பவுண்டர் கேட்ட கடிதம்

அந்தக் காலத்தில் நான் திருவனந்தபுரத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். அவர் தெற்குத் தாலுகா ஒன்றிலிருந்து தேர்தலில் ஜெயித்துச் சட்டசபைக்கு வந்தவர். சபையில் அவர் கேட்கும் கேள்விகளை எழுதிக் கொடுப்பது என் வேலை. எழுத்தில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. பாழாய்ப்போன நினைப்பு!

பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கம்பவுண்டராக இருந்தவர், சாலைக் கடைத்தெருவில் பஞ்சும் டிஞ்சரும் வாங்க வந்த சாக்கில், ஒரு நாள் எங்கள் ஆபீஸுக்கு வந்தார். தோட்டத்துக்கு வரும் கொயினா மருந்தை மானேஜரே வெளியே விற்றுவிடுகிறார், காய்ச்சலில் கிடக்கும் கூலிக்காரர்களுக்கு வெறும் கசப்புத் தண்ணீர்தான் என்றார்.

"எம் பேரு மட்டும் வெளிய வந்துரப்படாது சார். தெரிஞ்சா அன்னைக்கே தோட்டத்த விட்டு எறக்கிருவாங்க. வீட்டுல நெறமாசமா இருக்கா."

"பேரு வராதுவே. நான் பொறுப்பு," என்றார் வக்கீல்.

பெயரை நான் எழுதவில்லை. சத்தியமாக எழுதவில்லை. ஆனால் கேள்வி சப்பென்று இருந்தால் சர்க்கார் மழுப்பிவிடும் என்று, கம்பவுண்டர் சொன்ன அத்தனையையும் அதில் திணித்தேன். பன்னிரண்டு குப்பி வந்ததா, மூன்றைத்தான் திறந்தார்களா, மீதி ஒன்பதும் சீல் உடையாமல் மானேஜரின் காரில் போனதா? வக்கீல் படித்துவிட்டு, "கொள்ளாம்வே! வசமா பிடிச்சிட்டீரு," என்று என் முதுகில் தட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

இப்படி ஒரு கேள்வி வந்தால், செக்ரட்டேரியட்டில் அதை அப்படியே தோட்டத்தாருக்கு அனுப்பி, விளக்கம் வாங்கித்தான் பதில் தயாரிப்பார்கள். எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மருந்து அலமாரியைத் திறப்பவர்கள் மானேஜரும் கம்பவுண்டரும் மட்டுந்தான் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் புத்தி போகவில்லை.

சபையில் பதில் வாசித்தார்கள். மருந்து களவு போனது உண்மை; அதற்குக் காரணமான கம்பவுண்டரைத் தோட்டத்தார் நீக்கிவிட்டார்கள். எங்கள் வக்கீலுக்கு மேசையைத் தட்டிப் பாராட்டு வேறு.

இரண்டு நாள் கழித்துக் கம்பவுண்டர் வந்தார். வாசலில் தகரப்பெட்டியின் மேல் மனைவியை உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்து நின்றார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"இனி எம் பேர மறைக்கண்டாம் சார். உங்ககிட்ட வந்து சொன்னதே நாந்தான்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. கள்ளன்னு பேரு வாங்கினவன எந்த ஆஸ்பத்திரியில சேப்பாங்க?"

கடிதம் கொடுத்தால், எங்கள் கேள்விதான் அவரைக் காட்டிக்கொடுத்தது என்று ஊரே பேசும். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதெப்படிவே முடியும்? யாரு சொன்னான்னு நாங்க வெளிய சொல்லப்படாதுல்லா? உமக்கு வாக்குக் குடுத்தாச்சே."

கம்பவுண்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்களும் அன்னைக்கு இருந்தீங்கல்லா சார்? நீங்களாவது எழுதுங்க."

இருந்தேன். ஒரு நிமிஷத்தில் எழுதியிருக்கலாம். மிஞ்சிப்போனால் என் வேலை போயிருக்கும், அவ்வளவுதானே?

"வக்கீல் சொல்லுகதுதான் சரி," என்றேன், பாவி.