சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட தாலாட்டு

என் மனைவி பாடுவதை நிறுத்தியவன் நான். ஒரு பொய் சொல்லி நிறுத்தினேன். அதைச் சொல்லிவிடத்தான் மே மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து மாரிகுப்பத்துக்கு மெமு ரயில் ஏறினேன். டிக்கெட் முப்பது ரூபாய்.

எங்கள் மகள் மீனாவுக்கு முப்பத்தெட்டு வயதில் முதல் குழந்தை பிறந்திருக்கிறது. பிரசவம் பார்க்கப் போன என் மனைவி சரோஜா அங்கேயே இருந்தாள். பங்காருபேட்டையில் ரயில் கிளைப் பாதைக்குத் திரும்பியதும் கூட்டம் குறைந்தது. ஜன்னலுக்கு வெளியே புங்க மரங்கள் பூவை உதிர்த்து முடித்திருந்தன. மே ஃப்ளவர் மட்டும் தாமதமாக, வெட்கமில்லாமல் சிவந்திருந்தது. எதிரில் இருந்த பெண் மடியில் பேரனை வைத்துக்கொண்டு, போகிற ஸ்டேஷன் பெயர்களையெல்லாம் கோத்து ஏதோ ராகத்தில் பாடிக்கொண்டிருந்தாள். "யார் எழுதின பாட்டும்மா?" என்றேன். "எழுதறதா? வாயில வர்றதுதான் சார்" என்று சிரித்தாள். எனக்குப் பழைய எரிச்சல் அப்படியே வந்தது.

மாரிகுப்பத்திலிருந்து பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸ் போக ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். பதினொரு மணிக்கே காற்று சூடாகி, தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைடு மேட்டின் சாம்பல் தூளைத் தெருவில் இறைத்தது. மீனா இருப்பது நாங்கள் வாழ்ந்த அதே லைன் வீடு, சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டியது. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே மண் பூசிய தட்டிச் சுவர்தான். அந்தப் பக்கம் பெருமாள், சுரங்கத்தில் நைட் ஷிப்ட் பார்த்தவர். ஷிப்ட் முடிந்து வந்தவர் பகலில் தூங்கினால் லைனே அடங்கிப்போகும். உரலில் இடிக்க மாட்டார்கள், பிள்ளைகள் வேறு தெருவில் போய் விளையாடுவார்கள். அது எங்கள் ஊர் மரியாதை. அந்த மரியாதையைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

மீனா கைக்குழந்தையாக இருந்தபோது, சரோஜா மத்தியானங்களில் தணிந்த குரலில் தானே கட்டிப் பாடுவாள்:

"நிலா கேஜுல ஏறி வருது
லெவல் லெவலா நின்னு வருது
என் கண்ணுக்கு ஷிப்ட் முடியல
இன்னும் தூங்கப் போகல."

கேஜ் என்பது சுரங்கத்தில் ஆளை ஏற்றி இறக்கும் கூண்டு, லெவல் அது நிற்கும் தளம். நான் பள்ளியில் தமிழ் வாத்தியார், கவிதை எழுதுகிறவன். அந்த வாரம் முழுக்க நிலாவைப் பற்றி எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். அவளோ ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டே அதைப் பாடி, மறுநாள் மறந்தும் போனாள். குழந்தை வந்ததும் அவளுக்கு நேரம் போகும், தூக்கம் போகும் என்று நினைத்திருந்தேன். போகத்தான் செய்தது. ஆனால் பாட்டு வந்தது. எனக்கு நேரம் இருந்தது, மேஜை இருந்தது, அது வரவில்லை. ஒருநாள் அவளிடம், "பெருமாளுக்குத் தூக்கம் கெடுதாம். உன் பாட்டை நிறுத்தச் சொன்னார்" என்றேன். அவள் முகம் சிறுத்துப்போனது. அன்றோடு சரி. அப்புறம் பிறந்த எங்கள் மகன் பாட்டில்லாமலே வளர்ந்தான்.

நான் போனபோது குழந்தை அழுதுகொண்டிருந்தது. சரோஜா அதன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். "அம்மாவுக்குப் பாட்டே வராதுப்பா" என்றாள் மீனா. அதற்குமேல் என்னால் தள்ளிப்போட முடியவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பெருமாளைக் கூப்பிட்டேன்.

"இன்னா வாத்தியாரே, இப்பத்தான் வழி தெரிஞ்சிதா?" என்று இருமிக்கொண்டே வந்தார்.

இருவரையும் வைத்துக்கொண்டு அந்தப் பொய்யை ஒப்புக்கொண்டேன். பெருமாள் சரோஜாவைப் பார்த்தார்.

"நானா சொன்னேன்? கீழ வெடி வெச்ச சத்தம் பகலெல்லாம் காதுலயே கீதும்மா. உன் பாட்டு கேட்டாத்தான் அது அடங்கும். நீ நிறுத்தினப்புறம் எனக்கு ஏது தூக்கம்?"

"உங்க மவ கல்யாணத்துக்குக்கூட நான் வரலியே அண்ணே" என்றாள் சரோஜா.

பிறகு என்னிடம் திரும்பினாள். "நாலு வரிப் பாட்டுக்கு இவ்ளோ வயித்தெரிச்சலா?"

"ஆமாம்."

"இப்ப?"

"ரயிலில் வரும்போதுகூட."

"பாட வைக்கலாம்னு வந்தீங்களா? உங்க எதிர்ல பாட மாட்டேன். போங்க."

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இத்தனை வருடத்தில் முதல்முறையாகப் பெருமாள் வீட்டுக்குள் போனாள். அங்கே அவர் மனைவியின் சிரிப்பும், எவர்சில்வர் டம்ளர் வைக்கும் சத்தமும் தட்டி வழியே கேட்டன. எனக்குச் சோறு போட்டது மீனாதான்.

சாயங்கால ரயிலில் தனியாகத் திரும்பினேன். பெங்களூரில் என் வீட்டுச் சுவர்கள் கான்கிரீட். பக்கத்து வீட்டில் குழந்தை இருக்கிறதா என்பதுகூடத் தெரியாது. மேஜை சுத்தமாக இருக்கிறது.

பத்து நாள் கழித்து மீனா போன் செய்தாள். "அப்பா, அம்மா பாடறாங்க! புதுசு புதுசா. மெமு ரயில்லாம் வருது பாட்டுல."

"ஒரு வரி சொல்லேன்."

"உங்களுக்கு மட்டும் சொல்லக்கூடாதாம்ப்பா."

பெருமாளுக்கு எல்லாம் மனப்பாடமாம்.