மண்டோர் சேவலும் பத்மா அக்காவின் காலும்

1. சின்னத் துளை

பக்கத்து வீட்டுப் பத்மா அக்காவை எங்கள் சேவல் அடித்தபோது நான் நாலடி தள்ளித்தான் நின்றிருந்தேன். கையில் தண்ணீர் வாளி இருந்தது. முட்டை வாங்குவதற்காக அவர் எப்போதும்போல் பின்வழியாகக் கோழிகளுக்கு நடுவே நடந்து வந்தார்.

"மேகலா, பத்து முட்டை இருக்குமா? மவன் வாரானாம்" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் சேவல் அவருக்குப் பின்னாலிருந்து எம்பி, இரண்டு காலையும் நீட்டி, இடது கெண்டைக்காலில் அடித்தது. நான் வாளியை அதன்மேல் வீசினேன். அது விலகிப் போய்ச் சிறகை உதறிக் கூவியது.

அக்காவின் காலில் ஒரே ஒரு சின்னத் துளை. இரத்தம்கூட நாலைந்து சொட்டுத்தான் வந்தது.

"ஒன்னுமில்ல லா, முள்ளு குத்துன மாதிரி இருக்கு. விடு" என்று சிரித்தார்.

காயத்தைக் கழுவி மருந்து தடவி, முட்டையும் கொடுத்து அனுப்பினேன். அவருக்கு இருபது வருஷமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருப்பது எனக்குத் தெரியும். அப்போதே கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஈப்போ நகரத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். அதை மூடியதும் ஆயர் தாவார் பக்கம் என் கணவர் ரவியின் அப்பா விட்டுப்போன வீட்டுக்கு வந்தோம். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடம், இப்போது சுற்றிலும் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டம். ரவி லோரி ஓட்டினார். நான் ஆறு பெட்டையும் ஒரு சேவலுமாகத் தொடங்கினேன். நான்காம் வருஷத்தில் நாற்பது பெட்டை, மூன்று சேவல். கம்பத்துக் கோழி என்னும் நாட்டுக்கோழி முட்டைக்குப் பாசார் சந்தையில் எப்போதும் ஆள் உண்டு. எங்கள் சாப்பாடே அதில்தான் ஓடியது என்று சொல்லலாம், ஏனென்றால் ரவிக்கு முதுகு வலி வந்து லோரி ஓட்டுவது பாதியாகக் குறைந்திருந்தது.

மூன்று சேவலில் பெரியவனுக்கு மண்டோர் என்று பெயர் வைத்தது ரவிதான். தோட்டத்தில் ஆள்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் மேற்பார்வையாளரை மண்டோர் என்பார்கள். கூட்டைத் திறந்ததும் இவனும் ஒவ்வொரு பெட்டையாகப் பார்த்துக்கொண்டு நடப்பான். எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆறு மாதமாக அவன் என்மேல் பாய்ந்துகொண்டிருந்ததையும் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டோம். நான் துடைப்பத்தை எடுப்பேன், அவன் பாய்வான், நான் அடிப்பேன். தினமும் இதே கதை.

2. ஜிங்க் தகடு

மூன்றாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல். கால் முழங்கால்வரை வீங்கிவிட்டது. ஈப்போவில் ஏர்கோன் பழுது பார்க்கும் அவருடைய மகன் செல்வம் காடியை ஓட்டிக்கொண்டு வந்தான். நானும் கூடவே மருத்துவமனைக்குப் போனேன்.

ஒரு இளம் மலாய் டாக்டர், எப்படி அடிபட்டது என்று கேட்டார். அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார்.

"பழைய ஜிங்க் தகடு, டாக்டர். வீட்டுப் பின்னால கெடந்துச்சு. கிழிச்சிருச்சு" என்று மலாயில் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். அம்மா தனியாக இருக்க வேண்டாம், ஈப்போவுக்கு வந்துவிடட்டும் என்று செல்வம் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எங்கள் கோழிக்கூடும் அவனுக்குப் பிடிக்கவில்லை. நாற்றம், ஈ, விடியும் முன்னே சத்தம். "இதுனால அம்மாவுக்கு எதாச்சும் ஆச்சுன்னா நகராண்மைக் கழகத்துக்கு எழுதிப் போட்ருவேன்" என்று எங்கள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தான். அவன் எழுதிப்போட்டால் கூட்டை எடுக்கச் சொல்லிவிடுவார்கள். என் பிழைப்புக்காக அக்கா பொய் சொன்னார். என் பிழைப்புக்காகத்தான் நானும் பேசாமல் இருந்தேன்.

வார்டில் சேர்த்து மருந்து ஏற்றினார்கள். இரண்டு நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. காயத்தைச் சுற்றித் தோல் கருத்து வந்தது. இப்படியே ஏறிக்கொண்டு போனால் காலை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் செல்வத்திடம் சொல்லியிருக்கிறார். இதை ரவி என்னிடம் சொன்னபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அப்போதும் எப்படியும் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் தீனி போடப் போனேன். மண்டோர் வழக்கம்போல் சிறகை இறக்கிப் பக்கவாட்டில் ஆடிக்கொண்டு வந்தான். அவன் காலைப் பார்த்தேன். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் வலது கால்முள் கூராக இருந்தது. இடது கால்முள்ளின் நுனியைக் காணோம். உடைந்த இடம் வெளுப்பாக, புதிதாக இருந்தது.

தீனிப் பாத்திரத்தை அங்கேயே போட்டுவிட்டு ரவியைக் கூப்பிட்டேன்.

3. வார்டு வாசலில்

செல்வம் வார்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நான் போய் எதிரில் நின்றேன். உட்காரத் தோன்றவில்லை.

"தம்பி, அம்மா கால்ல பட்டது ஜிங்க் இல்லப்பா. எங்க சேவல் அடிச்சுச்சு. அதோட முள்ளு நுனி ஒடைஞ்சிருக்கு. உள்ள இருக்குமோன்னு பயமா இருக்கு."

அவன் என்னை வெறித்துப் பார்த்தான். "உங்களுக்கு மொதல்லேருந்து தெரியுமா, ஆன்ட்டி?"

"தெரியும்."

அவன் எழுந்து டாக்டரைத் தேடி ஓடினான். டாக்டர் வந்து என்னிடமே கேட்டார். எவ்வளவு நீளமான முள், எத்தனை நாளாயிற்று, கோழிச் சாணி மிதிக்கிற இடமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். "வீக்கத்தில் துளை தெரியாமல், கிழிந்த காயம் என்று நினைத்து மேலே மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். இது ஆழமான குத்து. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்" என்றார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு ரொம்ப உறைத்தது.

மறுநாள் காலை காயத்தைத் திறந்து சுத்தம் செய்தார்கள். அரிசி அளவுக்கு ஒரு துண்டு உள்ளே இருந்தது. மருந்தையும் மாற்றினார்கள். அதிலிருந்து நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. கால் தப்பியது.

செல்வம் என்னைப் பார்க்க வந்தான். வாசலிலேயே நின்றான்.

"நான் எங்கயும் எழுதிப்போடல. கோழிய ஒன்னும் சொல்லல. ஆனா அம்மா வீட்டுக்கு வாரதுக்குள்ள அந்தச் சேவல் இருக்கக் கூடாது."

"இருக்காதுப்பா" என்றேன்.

4. லிங் அக்கா சொன்னது

எங்களுக்குத் தீவனம் கொண்டுவந்து இறக்குபவர் லிங் அக்கா. சீனர், ஆனால் சின்ன வயதில் தோட்டத்தில் வளர்ந்தவர். தமிழ் நம்மைப்போல் பேசுவார். மண்டோரை யாருக்காவது கொடுத்துவிட முடியுமா என்று அவரிடம் கேட்டேன்.

"யாருக்குக் குடுப்ப? அங்க போய் வேற ஆளு கால குத்துவான். இல்லாட்டி சண்டைக்கு விடுறவன் வாங்கிட்டுப் போவான். ஒன் சேவல், நீயே முடி லா" என்றார்.

ரவி அறுத்தார். நான் அந்தக் கறியைத் தொடவில்லை. கெட்டது ஒழிந்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மூன்றே வாரத்தில் இரண்டாவது சேவல் என்மேல் பாய்ந்தது. அதுவரை சாதுவாக ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்தவன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரத்தில் லிங் அக்கா தீவன மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். கையுறையைக் கழற்றிவிட்டு வீட்டு வேலிக்கு வெளியே நின்று, "நீ உள்ள போ. நான் பாக்குறேன்" என்றார்.

துடைப்பத்தோடு போனேன். சேவல் வந்தது, விரட்டினேன், முட்டை இடாத ஒரு பெட்டையைத் தனியே பிரிக்க எட்டிப் பிடித்தேன், அது கத்தியது, சேவல் மறுபடி வந்தது, காலால் தள்ளிவிட்டு வெளியே ஓடிவந்தேன்.

லிங் அக்கா சிரிக்கவில்லை. "மேகலா, நீ சண்டைக்குப் போற மாதிரி போற. தொடப்பத்தக் காட்டுற, கால ஒதறுற, அவன் கண்ணு முன்னாலயே பெட்டையப் புடிச்சுக் கத்த விடுற. அப்புறம் முதுகக் காட்டி ஓடியார. அவன் என்னா நெனைப்பான்? இன்னொரு சேவல் வந்துச்சு, நான் வெரட்டிட்டேன்னு நெனைப்பான். தெனம் நீதான் அவனுக்குப் பாடம் எடுக்குற."

"அப்ப மண்டோரையும் நான்தான் கெடுத்தேனா?"

"பாதி அவன். பாதி நீ" என்றார்.

அந்தப் பதிலுக்குப் பிறகுதான் நான் இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன்.

நீளமான ரப்பர் பூட்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டேன். துடைப்பத்தை வீட்டுக்குள் வைத்துவிட்டேன். வெறுங்கையோடு மெதுவாகப் போவேன். சேவல் சிறகை இறக்கி ஆடினால் அப்படியே நிற்பேன், பின்வாங்க மாட்டேன். அது பார்வையைத் திருப்பி மண்ணைக் கொத்தும்வரை நின்று, பிறகு என் வேலையைப் பார்ப்பேன். முதல் வாரம் பூட்ஸில் எத்தனையோ அடி விழுந்தது. திருப்பி உதைக்காமல் இருப்பதுதான் கஷ்டம். பிடிக்க வேண்டிய பெட்டையைக் கோழிகளை வெளியே விடும் முன்பே, இருட்டிலேயே பிடித்து எடுத்துவிடுவேன். பொழுது சாய்ந்து சேவல் குச்சியில் ஏறியதும் அதைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முட்டைப் பெட்டிகளைச் சுத்தம் செய்வேன். அந்த நேரத்தில் அது அடங்கித்தான் இருக்கும். அப்படியே கால்முள்ளின் நுனியை அரத்தால் மழுக்கிவிடுவேன். நுனியை மட்டும்தான். அடிப்பக்கம் உயிர் உள்ள இடம், இரத்தம் வரும்.

ஒன்றரை மாதத்தில் இரண்டாவது சேவல் எனக்கு வழிவிட்டு நடந்தது. மூன்றாவது சேவல் என்ன செய்தும் மாறவில்லை. அதை அறுத்தோம். அதோடு இணைந்த பெட்டைகளின் முட்டையை அடைக்கும் வைக்கவில்லை. சிலது பிறவியிலேயே அப்படித்தான், அதற்காக வருஷக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

ரவி கோழி மேயும் இடத்தை வலைக்கம்பியால் தனியாக அடைத்து, முட்டை வாங்க வருபவர்களுக்கு முன்பக்கமாக வழி விட்டார். நான்கு வருஷமாக எல்லாரையும் சேவலின் இடத்துக்கு நடுவே நடக்க விட்டிருந்தோம் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

5. பத்மா அக்கா

அக்கா மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்துவிட்டு வீடு திரும்பினார். நான் ரசமும் சோறும் எடுத்துக்கொண்டு போனேன்.

"உனக்காகத்தான் பொய் சொன்னேன். நீ போய் என் மவன்கிட்டயே என்னையப் பொய்க்காரி ஆக்கிட்ட" என்றார். சாப்பாட்டை வாங்கிக்கொண்டார். உள்ளே கூப்பிடவில்லை.

இரண்டு மாதம் அப்படியே போனது. தினமும் ஏதாவது சமைத்துக் கொண்டுபோவேன். மறுநாள் பாத்திரம் கழுவி வேலியோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். காலுக்குக் கட்டு மாற்ற வரும் நர்ஸ் மிஸ்ஸியிடம்தான் காயம் எப்படி இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

ஒருநாள் காலையில் புதுவழியில் கைத்தடியோடு வந்து நின்றார். நான் நாற்காலி எடுத்துப் போட்டேன். உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, வலைக்குள் மேயும் கோழிகளைப் பார்த்தார்.

"செல்வம்கிட்டச் சொல்றப்ப உனக்குக் கை நடுங்குச்சாமே. அவன் சொன்னான்."

"ஆமாக்கா."

"எனக்கும் அந்த டாக்டர்கிட்டப் பொய் சொல்றப்ப நடுங்குச்சு" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஈப்போவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு துணியெல்லாம் மடிச்சு வச்சிட்டான்" என்று அக்கா தொடர்ந்தார். "நேத்து எல்லாத்தையும் திருப்பி அலமாரில வைக்கிறான். ஏன்டான்னு கேட்டேன். 'ஒங்களுக்கு ஒன்னுன்னா அந்த ஆன்ட்டி வந்து சொல்லிருவாங்க, நீங்கதான் மறைப்பீங்க, இங்கயே இருங்க'ன்னு சொல்றான்."

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. பத்மா அக்கா இப்போதும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். தழும்பு இருக்கும் காலில் மழைக்காலத்தில் வலி வருகிறது. சித்தியவானிலிருந்தும் தெலுக் இந்தானிலிருந்தும் கோழி வளர்க்க ஆசைப்பட்டு என்னைக் கேட்டு வரும் பெண்களிடம் சேவலைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன். முதல் தடவை அது பக்கவாட்டில் ஆடும்போதே கவனியுங்கள், சிரித்துவிட்டுப் போகாதீர்கள் என்பேன். உங்கள் கோழியால் யாருக்காவது அடிபட்டால், எவ்வளவு சின்னக் காயமானாலும் நீங்களே கூட்டிப் போய், நடந்ததை நடந்தபடி டாக்டரிடம் சொல்லுங்கள் என்பேன். சொன்னால் கூடு போய்விடுமோ என்று நான் ஐந்து நாள் பயந்து கிடந்தேன். கூடும் போகவில்லை, அக்காவும் போகவில்லை. அந்த நன்றியில்தான் இன்றும் காலையில் கூட்டைத் திறக்கிறேன்.