நாச்சிமலை வலக்கைப் பக்கம்

கப்பல்துறை ஊரில் நல்லம்மாவோடு வாய் கொடுத்து மீண்டவர்கள் குறைவு. திருகோணமலை பஸ் நிலையத்தில் கச்சான் கடலை வறுத்து விற்கிறவள். ஓசிக் கச்சானுக்குக் கை நீட்டுகிறவனிடம் கொதிக்கிற மணலைக் கிளறிக் காட்டி, "எடுங்கோ, நீங்களே அள்ளி எடுங்கோ" என்பாள். நீட்டிய கை தானாகச் சட்டைப்பைக்குள் போய்விடும். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு விடயத்தில் மட்டும் பன்னிரண்டு வருசமாக ஊர் வாயில் அரைபட்டுக்கொண்டிருந்தாள். நெற்றியில் குங்குமம் இருந்தது, வீட்டில் புருசன் இல்லை.

புருசன் தவராசா தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம், கூரைக்குத் தடி வெட்டிவருகிறேன் என்று கத்தியோடு நாச்சிமலைக்குப் போனவன். அன்று மத்தியானம் அந்தப் பக்கத்தில் வெடிச்சத்தம் கேட்டது. அவனுடைய சைக்கிள் மலையடிப் பிள்ளையார் கல்லில் சாத்தினபடி நின்றது. ஆளைக் காணவில்லை. பிடித்தார்களா, சுட்டார்களா, யார், எங்கே, ஒன்றுக்கும் பதில் இல்லை. கேட்கப் போன இடமெல்லாம் அவளைத்தான் கேள்வி கேட்டார்கள். பிறகு ஆமிக்காரர் மலை முழுவதையும் தடை செய்துவிட்டார்கள்.

ஆனால் சத்தத்தைத் தடை செய்ய முடியவில்லை. ஒவ்வொரு வருசமும் மேல்காற்றுக் காலத்தில் மலைப்பக்கமிருந்து தடி வெட்டுகிற சத்தம் வரும். மூன்று வெட்டு, பிறகு ஓய்வு, பிறகு மூன்று வெட்டு. தவராசாவுக்கு நெஞ்சில் முட்டு. மூன்று வெட்டுக்கு ஒருக்கால் நின்று மூச்சு வாங்குகிறவன். அயலட்டை அதை மரங்கொத்தி என்றது. நல்லம்மா மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. வாயாடி ஒருத்தி பேசாமல் இருந்தது அயலவர்களுக்கு அந்தச் சத்தத்தைவிடப் பயமாக இருந்தது.

பக்கத்து வளவில் தவராசாவின் தம்பி யோகலிங்கம் இருந்தான். துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவன், நல்லவன், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டான். வருசம் பிறந்தால் வேலியோரம் வந்து நின்று அதே கதைதான்.

"மச்சாள், அண்ணன்ர ஆத்துமா அந்த மலையில அலையுது. அந்திரட்டி செய்ய விடுங்கோ."

"அலையிறவர் ஒருநாளைக்கு வீட்டுக்கு வருவார். அந்திரட்டி செத்தவைக்கு."

இரண்டாயிரத்து இரண்டில் சமாதானம் என்று றேடியோ சொன்னது. மலையடிச் சென்றியில், ஆமிக் காவலரணில், விறகுக்காரரை உள்ளே விடத் தொடங்கினார்கள். விடிய அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும், பொழுது படமுன் வந்து வாங்கவேண்டும். இதைக் கேள்விப்பட்ட அன்றே நல்லம்மாவுக்கு நித்திரை போயிற்று. புருசன் காணாமல் போன கிழமையே அவள் மலைத்தெய்வத்துக்கு நேர்ந்திருந்தாள்: 'நாச்சியார், அவர் உயிரோடு இருக்கவேணும். உன்னுடைய மலையை நான் முழுசாக வலம் வருகிறேன்.' அந்த நாளையில் பிள்ளை வரத்துக்கும் நோய் தீரவும் சனங்கள் அப்படிச் சுற்றியிருக்கிறார்கள். அடிவாரத்தால் போகிற வழி அல்ல அது. தெற்கே காடு, மேற்கே ஒரே பாறை ஏற்றம், மலைத்தோளைத் தாண்டி வடக்கே இறக்கம். இளந்தாரிகளே நாக்குத் தள்ளி வந்து விழுகிற சுற்று.

யோகலிங்கம் சிரித்தான். "பஸ்ஸில ஏறவே முழங்கால் பிடிக்கிற ஆள் மலை ஏறப்போறியளோ? சரி. முழுசா வலம் வந்தியளெண்டால் இனிச் சாகுமட்டும் இந்தக் கதையை எடுக்கமாட்டன். ஏலாமல் பாதியில திரும்பினால் அந்திரட்டி. சம்மதமோ?"

"ஓம்" என்றாள் நல்லம்மா. யோசிக்கவே இல்லை.

வழி தெரிந்தவள் ஸுல்பிகா. கிண்ணியாக்காரி, கடலுக்குப் புருசனைக் கொடுத்துவிட்டு மூன்று பிள்ளைகளை வளர்க்கிறவள். சென்றி திறந்த நாளிலிருந்து பாலைப்பழத்துக்கு மலையில் ஏறிப் பழம் ஆய்ந்து, நல்லம்மாவின் கச்சான் வறுக்கிற தாச்சிக்குப் பக்கத்திலேயே கூடை வைத்து விற்பாள். மத்தியானம் பஸ் ஓய்ந்த நேரத்தில் தாச்சியைச் சுற்றி இருவரும் குந்துவார்கள். வறுக்கிற மணலைக் குவித்து மலையாக்கி, அகப்பைக் காம்பால் வழியைக் கீறுவாள் ஸுல்பிகா. சுனை இருக்கிற இடத்துக்கு ஒரு கச்சான், கரடி திரிகிற பாலைக்கூடலுக்கு ஒன்று, ஏற்றம் தொடங்குகிற இடத்துக்கு ஒன்று. அதற்குள் யாராவது கச்சான் கேட்டு வந்தால் மலை, சுனை, கரடி எல்லாம் ஒன்றாக வறுபடும்.

"அக்கா, நாம வடக்கால ஏறி தெக்கால இறங்குவம். பின்னேரம் வடக்குக் குளத்துக்கு ஆனை வரும். காலையில அங்க ஒண்டும் நிக்காது. தெக்குப் பக்கம் எனக்குக் கைரேகை மாதிரி. வடக்கு சண்டைக்கு முந்தி வாப்பாவோட போனதுதான்."

சொன்னது முழுக்க நியாயம். ஆனால் நல்லம்மா அகப்பையைப் பறித்துவிட்டாள். "ஏலாது. அப்பிடிப் போனால் மலை இடக்கைப் பக்கம் வரும்."

"வந்தா என்ன?"

"கொள்ளிக்குடம் தூக்கினவன்தான் இடமாச் சுத்துவான். சாமிக்கும் உயிருக்கும் வலம். மலை எந்நேரமும் வலக்கைப் பக்கம் இருக்கவேணும், விளங்கிச்சோ? நான் இடமாச் சுத்தினால் என்ர காலாலயே அவரைச் சுடலைக்குக் கொண்டுபோன மாதிரி."

ஸுல்பிகாவுக்கு அது விளங்கியதோ என்னவோ, அந்த முகத்துக்கு எதிர்க்கதை சொல்ல மனம் வரவில்லை. தெற்கால்தான் என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து நல்லம்மா கப்பல்துறைக்கு முந்தின தரிப்பிடத்திலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, தாச்சியும் தலையுமாக மிச்சத்தை நடந்தாள். முழங்காலுக்கு வேப்பெண்ணெய் போட்டாள். செருப்பு கழலாமல் இருக்க நைலோன் கயிறு வாங்கினாள். ரொட்டி, கட்டைச்சம்பல், தேசிக்காய், தண்ணிப் போத்தல் என்று எல்லாவற்றுக்கும் ஆயத்தம். வடக்கே என்ன கிடக்கிறது என்று விசாரிக்க மட்டும் இருவருக்கும் தோன்றவில்லை. ஸுல்பிகாவின் சொல்லைக் கேட்டு வடக்கால் தொடங்கியிருந்தால் விடிந்து கொஞ்ச நேரத்திலேயே அது தெரிந்திருக்கும், பேசாமல் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்திருக்கலாம்.

ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை. சென்றியில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு, பிள்ளையார் கல்லில் கற்பூரம் கொளுத்தி நடக்கத் தொடங்கினார்கள். மலை வலக்கைப் பக்கம். தெற்குக் காட்டில் இண்டு முள் சேலையைப் பிடித்து இழுத்தது, நல்லம்மா அதையும் ஏசினாள். சுனையில் தண்ணீர் இருந்தது. பாறை ஏற்றத்தில் அவள் ஏசுவதை நிறுத்திவிட்டாள், மூச்சு போதவில்லை. அப்போதுதான் சத்தம் கேட்டது. மேலே, வழிக்கு நேரே. மூன்று வெட்டு. ஓய்வு. மூன்று வெட்டு.

"மரங்கொத்தி" என்றாள் ஸுல்பிகா.

நல்லம்மா தவழ்ந்து ஏறினாள். உள்ளங்கை கிழிந்தது தெரியவில்லை. அவளுக்குப் பயம் இல்லை, சந்தோசம்தான் இருந்தது. கல்யாணம் முடித்த புதிதில் அவன் படலை திறக்கிற சத்தத்துக்கு வந்த அதே வெட்கங்கெட்ட சந்தோசம். ஏற ஏறச் சத்தமும் முன்னால் போனது. கிட்டவும் வரவில்லை, விட்டுப் போகவும் இல்லை. வெட்டிய தடி ஒன்றும் கண்ணில் படவில்லை. ஸுல்பிகா இரண்டாம் தரம் மரங்கொத்தி என்று சொல்லவில்லை, வாய்க்குள் ஓதிக்கொண்டு பின்னால் வந்தாள்.

மலைத்தோளைத் தாண்டி வடக்கே இறங்கத் தொடங்கும்போது பாதிச் சுற்று கழிந்துவிட்டது. வெயில் சரிந்திருந்தது. ஒரு வளைவில் ஸுல்பிகா அவளுடைய இடுப்பைப் பிடித்து நிறுத்தினாள். வழிக்குக் குறுக்கே சிவப்பு நாடா. மண்டையோடு கீறின தகட்டில் மூன்று மொழியிலும் மிதிவெடி என்று இருந்தது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை. மற்றப் பக்கம் சரிவு, அங்கேயும் தகடுகள், கீழே குளம் வரைக்கும். நாடாவுக்கு அப்பால் எங்கேயோ சத்தம் மூன்று தரம் வெட்டி ஓய்ந்தது.

"அல்லாட காவல். வாங்க அக்கா, வந்த வழியால திரும்புவம்."

நல்லம்மா அசையவில்லை. திரும்பினால் மலை இடக்கைப் பக்கம். நாடாவைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். பிறகு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. சாமிக்கு முதுகு காட்டாமல் மூலஸ்தானத்தை விட்டு வருகிறவர்களைப் போல, முகத்தை நாடாப் பக்கமே வைத்துக்கொண்டு பின்காலால் நடக்கத் தொடங்கினாள். அப்படி நடந்தால் மலை வலக்கைப் பக்கமே இருக்கும்.

"என்ன செய்றீங்க அக்கா!"

"நான் திரும்பேல்ல. நீ வழி சொல்லு."

ஸுல்பிகா அவளுடைய இடுப்பில் கை கொடுத்து, கல்லு, வேர், பள்ளம் என்று சொல்லிச் சொல்லி இழுத்து வந்தாள். மலைத்தோள் மறுபடி வருவதற்குள் நல்லம்மா மூன்று நாலு தரம் விழுந்தாள். விழுந்தாலும் முகத்தைத் திருப்பவில்லை. பாறை ஏற்றத்தின் தலைக்கு வந்தபோது கீழே காடு இருளத் தொடங்கியிருந்தது. இனி அது இறக்கம். பின்காலால் இறங்கினால் விடியும், அல்லது கழுத்து முறியும். குளத்துப் பக்கம் மரக்கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. அது வெட்டுச் சத்தம் அல்ல, ஆனை.

ஸுல்பிகா குந்திவிட்டாள். "சென்றி பூட்டினா என்ட ஐடி காட் அவனுகள்ட கையில. விடிஞ்சா புலிக்குச் சோறு கொண்டு போனவ எண்டுவானுகள். புள்ளையள் மூணும் தனிய. வாப்பா இல்லாத புள்ளையள் அக்கா."

"நீ போ. நான் வருவன்."

"ஒங்கள விட்டுட்டுப் போக ஏலா" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். எழும்பிப் போகவும் இல்லை.

நல்லம்மா அவளைப் பார்த்தாள். பன்னிரண்டு வருசமாக இல்லாத ஒருவனுக்காக, முன்னால் இருக்கிற உயிர் ஒன்றைப் பிடித்துவைத்திருக்கிறேன் என்று அவளுக்கு உறைத்தது. அழுகை வரவில்லை, கோபம் வந்தது. "சரி, நீயே வைச்சிரு" என்று மலையைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பினாள். மலை இடக்கைப் பக்கம் வந்தது.

பாறையில் இறங்கும்போது சத்தம் முதுகுப் பக்கம் கேட்டது. மூன்று வெட்டு, மூச்சு, மூன்று வெட்டு. ஸுல்பிகா திரும்பிப் பார்க்கப்போனாள். நல்லம்மா அவளுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"பாக்காத. சுடலையால வாறவை திரும்பிப் பாக்கிறேல்ல."

திரும்பிப் பார்க்கவேண்டும் என்று அவளுடைய உடம்பு முழுக்கத் தவித்தது. கழுத்து நரம்பு நொந்தது. பார்க்கவில்லை. சுனை வரைக்கும் சத்தம் வந்தது, அல்லது அதற்குக் கொஞ்சம் முந்தியே நின்றிருக்கலாம்.

சென்றியில் லாம்பு கொளுத்தியிருந்தார்கள். பூட்டவில்லை. யோகலிங்கம் மத்தியானத்திலிருந்தே அங்கே நின்று, பெண்டுகள் இரண்டு பேர் உள்ளே நிற்கிறார்கள் என்று ஆமிக்காரனைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தானாம். ஸுல்பிகா அட்டையை வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள். கிழிந்த சேலையோடு நின்ற மச்சாளை யோகலிங்கம் ஏற இறங்கப் பார்த்தான்.

"சுத்தி முடிச்சிட்டியளோ?"

"இல்லைத் தம்பி. இடமா வந்தனான்." அவள் சேலைத் தலைப்பால் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். "அந்திரட்டிக்கு ஐயரைக் கேளுங்கோ."

பன்னிரண்டு வருசமாகக் கேட்டுக்கொண்டிருந்தது கிடைத்துவிட்டது. யோகலிங்கம் அந்த இடத்திலேயே, ஆமிக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் இருந்தான்.

"ஏன் மச்சாள் ஓமெண்டனீங்கள்? நீங்கள் மாட்டன் மாட்டன் எண்டு நிண்டபடியாலதானே எனக்கும் அண்ணன் இருந்தவர்."